ஒரு ட்ரம் மெஷின்காரரின் பெயரில் நன்கொடை இரவு: ஜே டில்லா நினைவு நிகழ்ச்சிகளின் பின்னணி

பிப்ரவரி மாதத்தின் முதல் பாதியில் டிட்ராய்ட், நியூயார்க், லண்டன் போன்ற நகரங்களில், சின்னச் சின்ன இசை விடுதிகளின் வாசலில் ஏறக்குறைய ஒரே மாதிரியான சுவரொட்டியைப் பார்க்கலாம். தொப்பி போட்ட ஒரு கறுப்பின இளைஞரின் முகம், நாலைந்து டிஜேக்களின் பெயர். அடியில் சிறிய எழுத்தில், இந்த இரவின் வருமானம் லூபஸ் நோயாளிகளுக்கோ ஓர் அறக்கட்டளைக்கோ போகிறது என்று ஒரு வரி. முகம் ஜே டில்லாவுடையது. 2006 பிப்ரவரி 10 அன்று, 32 வயது நிறைந்த மூன்றாம் நாள் இறந்துபோன ஹிப்-ஹாப் தயாரிப்பாளர், அதாவது ராப் பாடகர்களுக்குப் பின்னணி இசை செய்து தருபவர்.

இறந்த கலைஞருக்கு நினைவுக் கச்சேரி நடத்துவது எங்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் டில்லா மேடையில் நின்று பெயர் வாங்கியவர் அல்ல. ராப் பாடினார், அதற்காக அவரை நினைப்பவர்கள் குறைவு. அவருடைய வேலையெல்லாம் வீட்டு அடித்தளத்து அறையில், பழைய இசைத்தட்டுகளோடும், பொத்தானைத் தட்டினால் தாள ஒலி எழுப்பும் ஒரு ட்ரம் மெஷினோடும் நடந்தது. அப்படிப்பட்டவர் பெயரில் வருடா வருடம் ஏன் நன்கொடை நிகழ்ச்சி? அதுவும் ஏன் டிஜே இரவு? ரசிகர்களின் துக்கம் ஒரு காரணம், சரி. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் பணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவருடைய தாய்க்கு நேர்வழியில் போய்ச் சேராத பணத்துக்கு, ரசிகர்கள் வெட்டிக் கொடுத்த வாய்க்கால்தான் இந்த இரவுகள்.

இயற்பெயர் ஜேம்ஸ் டெவிட் யான்சி. 1974 பிப்ரவரி 7 அன்று டிட்ராய்ட்டில் பிறந்தார். வளர்ந்தது அந்நகரின் கோனன்ட் கார்டன்ஸ் பகுதியில். பக்கத்திலேயே இருந்த ஆம்ப் ஃபிட்லர் என்ற கீபோர்டு கலைஞர் தன் வீட்டில் இருந்த அகாய் எம்பிசி ட்ரம் மெஷினை இந்தப் பையனிடம் விட்டு, கையேட்டைப் படிக்காதே, காதால் கற்றுக்கொள் என்று பழக்கினார். பள்ளித் தோழர்கள் டி3, பாட்டின் ஆகியோருடன் சேர்ந்து ஸ்லம் வில்லேஜ் என்ற குழு உருவானது. 1994இல் ஆம்ப் ஃபிட்லர் மூலமாகவே டில்லாவின் ஒலிநாடா ஒன்று 'எ ட்ரைப் கால்டு குவெஸ்ட்' குழுவின் க்யூ-டிப் கைக்குப் போனது. அதற்குப் பிறகு வாய்ப்புகள் தாமாக வந்தன. ஃபார்சைடு, டி லா சோல், பஸ்டா ரைம்ஸ், காமன், எரிக்கா படு என்று அந்தப் பத்தாண்டின் முக்கியமான பெயர்கள் பலவற்றின் பின்னணியில் டில்லா இருக்கிறார். சட்டையின் பின்பக்கத் தையல் மாதிரி: போட்டிருப்பவருக்கும் தெரியாது, பார்ப்பவருக்கும் தெரியாது. இன்னொரு தையல்காரருக்கு மட்டும் தெரியும்.

அந்த இன்னொரு தையல்காரர்களில் ஒருவர் த ரூட்ஸ் குழுவின் ட்ரம்மர் குவெஸ்ட்லவ். டில்லா செய்த ஒரு ஃபார்சைடு பாட்டை முதன்முதலில் கேட்டபோது, கிக் ட்ரம்மை யாரோ குடித்துவிட்ட மூன்று வயதுக் குழந்தை வாசிப்பதுபோல் இருந்தது என்று அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். ட்ரம் மெஷினில் குவான்டைஸ் என்று ஒரு வசதி உண்டு. நீங்கள் பொத்தானைக் கொஞ்சம் முன்னே பின்னே தட்டினாலும், மெஷின் அந்த அடியைச் சரியான கட்டத்துக்கு இழுத்து வைத்துவிடும். டில்லா அந்த வசதியை அணைத்துவிட்டார், அவ்வளவுதான் விஷயம் என்று நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2022இல் டேன் சார்னஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு அந்தக் கதையைக் கலைத்தது. டில்லா மெஷினை எதிர்த்துக்கொண்டு வேலை செய்யவில்லை. மெஷினுக்குள் இருந்த நேரத் தள்ளல் வசதியையே பிடித்துக்கொண்டு, ஸ்நேர் என்ற கூர்மையான அடியை மயிரிழை முன்னால், கிக் என்ற கனத்த அடியை மயிரிழை பின்னால் என்று தெரிந்தே நகர்த்தினார். ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டு நேராகப் போகும், அடிக்குரலான பேஸ் ஊஞ்சலாடும். இரண்டு விதமான கால உணர்வு ஒரே பாட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்.

கர்நாடக இசை கேட்பவர்களுக்கு அதீதம், அனாகதம் தெரிந்திருக்கும். பாட்டின் எடுப்பைத் தாளத்தின் சமத்துக்கு முன்னேயோ பின்னேயோ வைப்பது. ஆனால் அது கணக்கில் அடங்குவது, கையில் போட்டுக் காட்டக்கூடியது. டில்லாவின் விலகல் விரலில் எண்ண முடியாத அளவு சிறியது. தலை தானாக ஆடும், ஏன் என்று சொல்லத் தெரியாது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த டி'ஆஞ்சலோவின் 'வூடு' ஆல்பத்துக்காகக் குவெஸ்ட்லவ் தன் துல்லியத்தை மறந்து இப்படித் தள்ளாடி வாசிக்கப் பழகினார். இன்று ஜாஸ் பள்ளிகளில் ட்ரம் மாணவர்கள் இதைப் பயிற்சி செய்கிறார்கள்.

சரி, நோய்க்கு வருவோம். 2002இல் அவருக்கு டிடிபி என்ற அரிய ரத்தக் கோளாறு இருப்பது தெரிந்தது. ரத்தத் தட்டணுக்கள் தேவையில்லாத இடத்தில் ஒன்றுசேர்ந்து மிக நுண்ணிய நாளங்களை அடைத்துவிடும் நோய் அது. சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்க மாட்டார்கள். அப்புறம் லூபஸும் சேர்ந்துகொண்டது. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் உறுப்புகளையே தாக்கும் நோய். டிடிபியோடு சேர்ந்து வருவதும் உண்டு. 2004இல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்த டில்லா, அங்கே சீடார்ஸ்-சைனாய் மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடந்தார். டிட்ராய்ட்டில் குழந்தைகள் காப்பகம் நடத்திவந்த தாய் மொரீன் யான்சி அதை விட்டுவிட்டு மகனிடம் வந்து சேர்ந்தார். ரசிகர்கள் அவரை அழைப்பது மா டியூக்ஸ் என்று. மகனின் விரல்கள் வீங்கி மடங்காமல் போகும்போது, பொத்தான்களைத் தட்ட ஏதுவாக அவர் நீவிவிடுவாராம். 2005 இறுதியில் டில்லா ஐரோப்பிய மேடைகளில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி ராப் பாடினார்.

'டோனட்ஸ்' ஆல்பம் அவருடைய 32ஆம் பிறந்தநாளன்று ஸ்டோன்ஸ் த்ரோ நிறுவனத்தில் வெளிவந்தது. 31 துண்டுகள், முக்கால் மணிக்கும் குறைவு. ஒரு துண்டிலும் அவர் ராப் பாடவில்லை. பெரும்பாலானவை ஒன்றரை நிமிடத்தைத் தாண்டாது. மருத்துவமனைக் கட்டிலில், பழைய பாட்டுத் துண்டுகளை எடுத்து வாசிக்கும் ஒரு சின்ன சாம்ப்ளரை வைத்துக்கொண்டு முழு ஆல்பத்தையும் செய்து முடித்தார் என்ற கதை உலகம் முழுக்கப் பரவியது. சார்னஸின் ஆய்வுப்படி பெரும்பகுதி அதற்கு முன்பே, வீட்டில், ஒரு பீட் (ராப்புக்கான பின்னணி இசை) தொகுப்பாகச் செய்யப்பட்டது. பிறகு ஸ்டோன்ஸ் த்ரோவின் ஜெஃப் ஜாங்க் அதை ஆல்பமாக நீட்டிக் கோத்தார். உண்மை கொஞ்சம் சாதாரணமாக இருக்கிறது என்பதால் ஆல்பம் சின்னதாகிவிடாது. முதல் துண்டுக்கு 'முடிவு' என்று பெயர் வைத்து, கடைசித் துண்டு போய் முதல் துண்டில் ஒட்டிக்கொள்ளும்படி வட்டமாகச் செய்த ஆளுக்குத் தன் உடல்நிலை தெரியாமல் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

காசு யாருக்கு வந்தது?

இந்த இடத்தில்தான் கட்டுரை கொஞ்சம் கணக்குப்புத்தகத்தைத் திறக்க வேண்டியிருக்கிறது. சாம்பிள் எடுத்து, அதாவது பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டி, செய்யும் இசையில் இரண்டு உரிமைகள் உண்டு. ஒன்று பாட்டை எழுதியவருடையது, மற்றது பதிவு செய்த நிறுவனத்துடையது. இரண்டு பேரிடமும் அனுமதி வாங்க வேண்டும், இரண்டு பேருக்கும் காசு கொடுக்க வேண்டும். காமனுக்காக டில்லா செய்த 'த லைட்' 2000ஆம் ஆண்டின் பெரிய வெற்றிகளில் ஒன்று. அதன் உயிர் பாபி கால்ட்வெலின் பழைய பாட்டிலிருந்து எடுத்த துண்டு. ஆகவே பாட்டாசிரியர் பட்டியலில் கால்ட்வெலுக்கும் இடம், வருமானத்திலும் பங்கு. அது நியாயம்தான். ஆனால் தயாரிப்பாளர் பக்கம் கடைசியில் தங்குவது முன்பணமும் ஒரு மெல்லிய ராயல்டியும் என்று ஆகிவிடுகிறது. இதோடு பல ஆண்டு நோய், அமெரிக்க மருத்துவமனைச் செலவு. டில்லா இறந்தபோது பெரும் வரிப் பாக்கியும் இருந்தது.

அவர் விட்டுச்சென்ற உயில்படி தாய், தம்பி, இரண்டு மகள்கள் வாரிசுகள். ஆனால் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பு தாயிடம் இல்லை. கடன் அடையும் வரை வாரிசுகளுக்குப் பெரிதாக எதுவும் வராது. பெயரையும் படத்தையும் பயன்படுத்தும் உரிமையும் நிர்வாகியின் கையில். மகன் பெயரில் அறக்கட்டளை தொடங்க நினைத்த தாய்க்கே அந்தப் பெயரை எடுப்பது சிக்கலானது. இன்னொரு பக்கம் உலகெங்கும் டில்லா பெயரில் மிக்ஸ்டேப், டி-ஷர்ட், நிகழ்ச்சி என்று விற்றுக்கொண்டிருந்தது. அனுமதியில்லாமல் பெயரைப் பயன்படுத்தாதீர்கள் என்று நிர்வாகத் தரப்பு எச்சரித்தது. சட்டத்தின் கண்ணில் அதில் தவறில்லை. கடன்காரர்கள் வரிசையில் நிற்கும்போது சொத்தைக் காக்க வேண்டியது நிர்வாகியின் கடமை. ஆனால் விளைவைப் பாருங்கள்: பெற்றவருக்கு உதவ நினைத்த ரசிகர், திருட்டு டி-ஷர்ட் விற்பவரோடு ஒரே கூண்டில் நிற்க வேண்டியதாயிற்று. 2010 வாக்கில் கலிஃபோர்னிய நீதிமன்றம் நிர்வாகியை மாற்றிய பிறகே நிலைமை சற்று இளகியது. மா டியூக்ஸின் ஜே டில்லா அறக்கட்டளையும் அதற்குப் பிறகுதான் வெளிப்படையாக இயங்க முடிந்தது.

டிஜே இரவு ஏன் பிடித்துக்கொண்டது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. டில்லாவின் இசையை வைத்து ஒரு நன்கொடை ஆல்பம் போட வேண்டுமானால் நிர்வாகியின் அனுமதி வேண்டும், ஒவ்வொரு சாம்பிளுக்கும் மூல உரிமையாளர்களின் அனுமதி வேண்டும். வழக்கறிஞர் கட்டணத்திலேயே நன்கொடை கரைந்துவிடும். விடுதியில் தட்டு சுழற்றுவது வேறு. அமெரிக்காவில் ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற அமைப்புகளுக்கு விடுதிக்காரர் மொத்தமாக உரிமக் கட்டணம் கட்டுகிறார். அவர்கள் கணக்கில் உள்ள பாட்டுகளை டிஜே தனித்தனியாகக் கேட்காமல் போடலாம். டிஜேக்கள் சம்பளம் வேண்டாம் என்பார்கள், இடம் பாதி வாடகைக்குக் கிடைக்கும், நுழைவுச்சீட்டுக் காசு அன்றிரவே கையில் வந்துவிடும். இசையை விற்கவில்லை, ஒரு மாலைப்பொழுதை விற்கிறார்கள்.

நியூயார்க்கின் புரூக்ளினில் 'டோனட்ஸ் ஆர் ஃபாரெவர்', வாஷிங்டனில் 'டிசி லவ்ஸ் டில்லா' என்று வருடாந்தர நிகழ்ச்சிகள் இப்படித்தான் வேர்விட்டன. டிட்ராய்ட்டில் 2012இல் ஃபில்மோர் அரங்கில் 'டில்லா டே' நடந்தது. எல்லாமே டர்ன்டேபிள் நிகழ்ச்சிகள் அல்ல. 2009 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸில் மிகேல் ஆட்வுட்-ஃபெர்குசன் சுமார் 60 பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவை வைத்து டில்லாவின் பீட்களை வயலினுக்கும் குழலுக்கும் மாற்றி வாசித்தார், தாயின் பெயரையே தொகுப்புக்கு வைத்து. அழகான முயற்சி. ஆனால் அதை வருடா வருடம் முப்பது ஊரில் நடத்த முடியாது. இரண்டு டர்ன்டேபிளும் ஒரு மிக்ஸரும் எந்த ஊரிலும் கிடைக்கும்.

அந்த இரவில் என்ன நடக்கிறது

டில்லா இரவில் டிஜேயின் வேலை மற்ற இரவுகளைப் போல வெறுமனே கூட்டத்தை ஆட வைப்பது அல்ல. பாதி பாடம் எடுக்கிற மாதிரி. முதலில் யாருக்கும் தெரியாத ஒரு 1968 ஜாஸ் தட்டு ஓடும், கேப் மான்ஜியோனின் பியானோ. கூட்டம் பேசிக்கொண்டிருக்கும். சட்டென்று அதே பியானோ துண்டு ட்ரம்ஸோடு திரும்பி வரும்: ஸ்லம் வில்லேஜின் 'ஃபால் இன் லவ்'. கூச்சல் அப்போதுதான் எழும். இன்னொரு சங்கிலி: ஜாக்சன் 5இன் எழுபதுகளின் காதல் பாட்டு, அதை டில்லா வெட்டித் தைத்த 'டைம்: த டோனட் ஆஃப் த ஹார்ட்', பிறகு அதே பீட்டின் மேல் த ரூட்ஸ் 2006இல் டில்லாவுக்குச் செலுத்திய அஞ்சலி. மூன்று தட்டு, மூன்று தலைமுறை, பத்து நிமிடம்.

கைத்தொழில் சிக்கல்களும் உண்டு. 'டோனட்ஸ்' துண்டுகள் அவ்வளவு குட்டை என்பதால், அடுத்த தட்டைத் தேடி எடுப்பதற்குள் ஓடுவது தீர்ந்துவிடும். அதனால் பலர் ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, ஒன்று முடியும்போது மற்றதைத் தொடக்கத்திலிருந்து விடுவார்கள். ட்ரம்ஸ் தள்ளாடுகிறதே, இரண்டு பாட்டின் வேகத்தை எப்படிப் பொருத்துவது என்று புதியவர்கள் மிரள்வார்கள். உண்மையில் லூப்பின், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் துண்டின், மொத்த நீளம் மாறுவதில்லை. தள்ளாட்டம் எல்லாம் ஓர் ஆவர்த்தத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். ஸ்நேரைக் கேட்டுப் பொருத்தினால் சறுக்கும், ஆவர்த்தத்தின் தொடக்கத்தைப் பிடித்தால் நிற்கும். இடையிடையே டில்லாவின் முத்திரையான சைரன் ஒலி வரும். அதுவும் அவர் மான்ட்ரோனிக்ஸ் என்ற ஹிப்-ஹாப் குழுவிடமிருந்து எடுத்ததுதான். அது கேட்டதும் கைகள் மேலே போகும். பல இடங்களில் வாசலில் நிஜமான டோனட் தட்டும் இருக்கும். அவருக்குப் பிடித்த தின்பண்டம் அது. 45 ஆர்பிஎம் தட்டின் நடுவிலுள்ள பெரிய ஓட்டைக்கும் அதற்கும் உள்ள ஒற்றுமை எல்லாருக்கும் தெரிந்த ஜோக்.

ஜப்பானின் நூஜபெஸ் பிறந்ததும் அதே 1974 பிப்ரவரி 7. அவரும் சாம்பிள் வைத்து மென்மையான பீட் செய்தவர், 2010 பிப்ரவரியில் சாலை விபத்தில் போய்விட்டார். இப்போது சில அமைப்பாளர்கள் இருவருக்கும் சேர்த்தே ஓர் இரவு நடத்துகிறார்கள். பிறந்த தேதி பொருத்தத்தைத் தவிர, இரண்டு பேரின் இசையும் ஒரே அறையில் ஒத்துப்போகும்.

லூபஸ் விஷயத்தில் இந்த இரவுகளுக்கு ஒரு வினோதமான பயன் இருக்கிறது. லூபஸ் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் தொடங்குவது. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு வெள்ளையினப் பெண்களைவிட மிகுதியாக வருகிறது. களைப்பு, மூட்டுவலி, காய்ச்சல், தோல் தடிப்பு என்று வேறு நோய்போல வேடம் போடுவதால் கண்டுபிடிக்கவே ஆண்டுகள் ஆகும். அமெரிக்காவில் 1955க்குப் பிறகு லூபஸுக்கென்று ஒரு புதிய மருந்து, பெலிமுமாப், அனுமதி பெற்றது 2011இல்தான். இப்படிக் கவனிப்பாரற்றுக் கிடந்த, பெண்களின் நோயாகவே அறியப்பட்ட ஒன்றின் பெயரை, ட்ரம் மெஷின் மாடல் எண்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் இளைஞர் கூட்டத்துக்குக் கொண்டுபோனது ஓர் ஆண் ஹிப்-ஹாப் தயாரிப்பாளரின் மரணம். சுவரொட்டியில் அந்த வார்த்தையைப் படித்துவிட்டு, வீட்டில் அக்காவுக்கு இருக்கும் தொந்தரவைப் பற்றி யோசித்தவர்கள் இருக்கக்கூடும். திரண்ட தொகையை வைத்து மட்டும் இந்த நிகழ்ச்சிகளை எடைபோடக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான். தொகை எப்போதும் சிறியது. இருநூறு பேர் கொள்ளும் இடத்தில் ஓர் இரவு நுழைவுக் கட்டணம் எவ்வளவு வந்துவிடும்?

குறையும் சொல்ல வேண்டும். ஆள் வராத ஒரு செவ்வாய்க்கிழமையை நிரப்ப இறந்தவரின் முகத்தைச் சுவரொட்டியில் போடும் விடுதிகளும் இருக்கின்றன. 'வருமானத்தில் ஒரு பகுதி நன்கொடையாக' என்ற வாசகம் வசதியானது. எந்தப் பகுதி? பார் வருமானம் அதில் சேருமா, வாசலில் வாங்கியது மட்டுமா? செலவு கழித்ததற்குப் பிறகா, முன்னாலா? ஒழுங்காக நடத்துபவர்கள் இதையெல்லாம் முன்கூட்டியே அறிவித்து, முடிந்ததும் எவ்வளவு அனுப்பினோம் என்று ரசீதோடு சொல்கிறார்கள். மற்றவர்கள் டோனட் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

டில்லாவின் எம்பிசி 3000 மெஷினை அவருடைய தாய் 2014இல் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க-அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அறிவிப்பு வெளியானது அந்த ஆண்டின் 'டிசி லவ்ஸ் டில்லா' நிகழ்ச்சியில். டிட்ராய்ட் நகர மையத்தில் 2016இல் அவருடைய மாமா ஒரு டோனட் கடையும் திறந்தார். பிப்ரவரி இரவுகள் இப்போது குடும்பத்துக்குக் கைகொடுப்பதிலிருந்து மெல்ல விலகி, லூபஸ் அமைப்புகளுக்கும் பள்ளிகளில் இசைக்கருவி வாங்கும் திட்டங்களுக்கும் பணம் அனுப்புகின்றன. சில ஊர்களில் அமைப்பாளர்களே மாறிவிட்டார்கள். இப்போது தட்டு சுழற்றுபவர்களில் சிலர் 2006இல் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர்கள்.